சுமந்து வந்தவர்கள்

(நம் பங்கின் பொன்விழாவின் மூன்றாம் நாள் மாலை, வாகனங்கள் மந்திரிக்கப்பட்ட பின், ஆலய வளாகத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு பிரிவினருக்கென ஒதுக்கினார்கள். முதல் நாள் ஆசிரியர்களுக்கு, இரண்டாம் நாள் விவசாயிகளுக்கு, மூன்றாம் நாள் உங்களுக்கு. அப்போது குழுவிலே ஒரு பெரியவர், "ஏனுங்க சாமி, லாரிக்காரங்களுக்கு என்னத்தைப் பேசப் போறீங்க?" என்று கேட்டார். நாம் சிரித்துக் கொண்டோம். ஏனெனில், குருமடத்தில் லத்தீன் கற்பதற்கு முன்பே நாம் கற்ற மொழி ஒன்று உண்டு. அது லாரி மொழி. ஜாக்கி, ஸ்டெப்னி, கமான் பட்டை, தார்ப்பாய், பில்டி, ரிட்டர்ன் லோடு என்ற சொற்களெல்லாம் ஞானோபதேசக் கேள்வி பதில்களோடு சேர்ந்தே நம் காதில் விழுந்தவை. நம் தகப்பனார் முப்பது ஆண்டுகள் பிறருடைய லாரி ஓட்டியவர். அவருடைய தகப்பனாரும் ஸ்டியரிங் பிடித்தவரே. ஆகவே இன்று நாம் பேசப்போவது புத்தகத்தில் படித்ததை மட்டும் அல்ல.

நம் பாட்டனார் ஓட்டியது கரி வண்டி. இங்குள்ள இளைஞர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்டது. வண்டி ஓட வேண்டுமே! ஆகவே வண்டியின் பின்புறம் உயரமான இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதிலே அடுப்புக் கரியை நிரப்பி, கையால் காற்றாடியைச் சுற்றி நெருப்பு மூட்டுவார்கள். கரி அரைகுறையாக எரிவதால் உண்டாகும் வாயுவை வடிகட்டிக் குழாய் வழியே எஞ்சினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோலில் ஓடும்போது இருந்த வலு அதில் இராது. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அதிகாலை நாலு மணிக்குக் கரி மூட்டினால்தான் விடிந்தபின் புறப்பட முடியும் என்று பாட்டனார் சொல்வார். அவர் கைரேகைகளில் படிந்திருந்த கரி, போர் முடிந்து பல ஆண்டுகள் சென்றும் போகவில்லை என்று நம் பாட்டி சொல்லிச் சிரிப்பார்.

1945-இல் போர் முடிந்ததும், ராணுவம் கழித்துவிட்ட செவர்லே, ஃபோர்டு வண்டிகள் ஏலத்திற்கு வந்தன. அவற்றை 'டிஸ்போசல் லாரி' என்றார்கள். அவற்றை வாங்கி, பின்புறம் மரத்தால் பாடி கட்டி, எத்தனையோ பேர் தொழில் தொடங்கினார்கள். பிறகு நம் நாட்டிலேயே வண்டிகள் உருவாயின. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டு கம்பெனியோடு சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அங்கிருந்து வந்தது காமெட். டாட்டா நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. மூன்று முனை நட்சத்திரம் பொறித்த அந்த வண்டியை மக்கள் 'பென்ஸ்' என்றே அழைத்தார்கள். 1969-இல் அந்த ஒப்பந்தம் முடிந்து, நட்சத்திரம் போய் டாட்டாவின் 'டி' எழுத்து வந்த பிறகும், நம் ஊர்ப் பெரியவர்கள் பென்ஸ் என்பதை விடவில்லை. பம்பாய்ப் பக்கமிருந்து டாட்ஜ், ஃபார்கோ வண்டிகள் வந்தன. கல்கத்தாப் பக்கமிருந்து பெட்ஃபோர்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் உண்டு. இரவு இரண்டு மணிக்குச் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால், நம் தாயார் பாயில் படுத்தபடியே, "இது பெட்ஃபோர்டு, அப்பா இல்லை, தூங்கு" என்பார். காமெட் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து விளக்கைத் தூண்டுவார்.

பழைய லாரி ஓட்டுவது எளிதன்று. பெட்ரோல் லாரிகளுக்கு முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். ஆகவே கட்டை விரலை ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது கிளீனருக்கு முதற் பாடம். கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும்: மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, விட்டு, கீழ்க் கியராயின் ஆக்சிலேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டும். காலும் கையும் காதும் ஒன்றாக வேலை செய்யாவிட்டால் பல் சக்கரம் அலறும். பவர் ஸ்டியரிங் கிடையாது. லோடு ஏற்றிய வண்டியை வளைவில் திருப்பத் தோள்பட்டை முழுதும் வேண்டும். எஞ்சின் கேபினுக்குள்ளேயே பக்கத்தில் இருக்கும் வண்டியில், சித்திரை வெயிலில் இடது கால் வெந்துவிடும். மூடியின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள்.

நம் பங்கு தோன்றிய 1975-ஆம் ஆண்டிலேதான் நேஷனல் பெர்மிட் திட்டமும் வந்தது. அதற்கு முன் வெளி மாநிலம் போவதென்றால் மாநிலத்துக்கு மாநிலம் அனுமதிக்கு அலைய வேண்டும். திட்டம் வந்தபின் நம் சேலம், சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கத்து லாரிகள் வடக்கே பெருவாரியாக ஓடத் தொடங்கின. மழை பொய்த்த மேட்டுக்காட்டுக் குடியானவர்கள் நிலத்தை அடகு வைத்து லாரி வாங்கினார்கள். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. நம் சேலத்து ஜவ்வரிசி பம்பாய்க்குப் போகும். அங்கே விரத நாட்களில் அதைத்தான் சமைத்து உண்பார்கள். திரும்பும்போது நாசிக் வெங்காயம் வரும். போக ஏறக்குறைய 1200 கிலோமீட்டர். ரிட்டர்ன் லோடு கிடைக்காவிட்டால் புக்கிங் ஆபீஸ் வாசலில் மூன்று நாளோ நான்கு நாளோ காத்துக் கிடக்க வேண்டும். வண்டிக்கடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்கி, சாம்பார் வைத்து, வெங்காய மூட்டை மேல் உறங்குவார்கள். செக்போஸ்டுகளில் மணிக்கணக்காக நிற்பார்கள். 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டதை நம் தகப்பனார் காணாமல் போய்விட்டார்.

இதுவரை சொன்னதைக் கேட்டு மகிழ்ந்தீர்கள். பழைய லாரிகளைப் பற்றிப் பேசுவது எப்போதும் இனிக்கும். ஆனால் அந்த லாரிகளை ஓட்டியவர்களைப் பற்றிப் பேசும்போது நம் மனச்சாட்சியும் பேசத் தொடங்குகிறது. அதற்காகத்தான் இந்த மேடையில் ஏறினோம்.

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர்க் கணவாய் இருப்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை குடும்பங்களின் கண்ணீர் அந்தச் சரிவில் விழுந்திருக்கிறது! மலைச்சாலையைப் பற்றி மூத்த ஓட்டுநர்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் விட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காது. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் நியூட்ரலில் விடுகிறார்கள்? டீசல் மிச்சம் பிடிக்கத்தான். இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று முதலாளி கணக்குப் போட்டுக் கொடுப்பார். கூடினால் சம்பளத்தில் பிடிப்பார். மிஞ்சினால் அது ஓட்டுநருக்கு. அந்த மிச்சத்தில்தான் பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணியும் கிறிஸ்துமஸ் துணியும் வாங்குவார்கள்.

1974-ஆம் ஆண்டு மார்கழியில் நம் தகப்பனார் அந்தக் கணவாயில் நியூட்ரலில் விட்டு இறங்கினார். பாதியில் பிரேக் போயிற்று. உடனிருந்த கிளீனருக்குப் பதினாறு வயது. கிளீனர் என்றால் கையில் கட்டை வைத்திருப்பான். வண்டி பின்வாங்கினால் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பான். அந்தப் பிள்ளை, ஓடுகிற வண்டியிலிருந்து கட்டையோடு குதித்துவிட்டான். தகப்பனார் வண்டியை மலைப்பக்கமாகத் திருப்பிப் பாறையில் உரசி நிறுத்தினார். லோடுக்குச் சேதமில்லை. வண்டிக்குச் சிறிய சேதம். அந்தப் பிள்ளையின் வலது பாதம் பின்சக்கரத்தில் நசுங்கிப் போயிற்று.

நமக்கு அப்போது ஐந்து வயது; ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம், ஆறாம் வகுப்புக்கு வந்தபின் நாம் செய்த ஒரு வேலை மட்டுமே. மாதாமாதம் சம்பளம் வந்ததும் தகப்பனார் ஒரு மணியார்டர் பாரத்தை நீட்டி, "எழுதுடா கண்ணு" என்பார். நாம் விலாசம் எழுதுவோம். முதலில் 15 ரூபாய், பிறகு 25, பிறகு 50. செய்திக்கென்று விட்டிருக்கும் சிறிய இடத்தில் என்ன எழுத என்று கேட்டால், "நலம், நலமறிய ஆவல்னு போடு" என்பார். யார் இவர் என்று கேட்டதற்கு, "தெரிஞ்சவரு" என்பதோடு சரி. வீட்டிலே அரிசிக்குக் கடன் சொன்ன மாதங்களிலும் அந்தப் பணம் நின்றதில்லை. தாயார் முணுமுணுத்ததும் இல்லை.

1997-இல் நாம் குருப்பட்டம் பெற்ற நாளுக்கு முந்திய இரவு, தகப்பனார் நம்மைத் தனியே அழைத்துக் கணவாய்ச் சம்பவத்தை முழுவதும் சொன்னார். "நாலு லிட்டர் டீசல், சாமி. நாலு லிட்டருக்கு ஒரு பிள்ளையோட காலு" என்றார். பெற்ற மகனை அவர் முதன்முதலாகச் 'சாமி' என்று அழைத்தது அன்றுதான். நமக்கு என்ன மறுமொழி சொல்வதென்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

2006-இல் அவர் இறந்தபோது, ஊன்றுகோலோடு ஒருவர் அடக்கத்துக்கு வந்தார். ஊரில் டீக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். "சாமிங்க, அண்ணன் என்னைக் குதிக்கச் சொல்லலீங்க. நானாத்தான் குதிச்சேன். பலமுறை கடிதாசி போட்டேன், பணம் வேண்டாம்னு. அவரு கேக்கலை" என்றார். பிறகு பெட்டியின் ஒரு முனைக்குத் தோள் கொடுக்க முன்வந்தார். மற்றவர்கள் தடுத்தும் விடவில்லை. ஊன்றுகோலை நம்மிடம் கொடுத்துவிட்டு, பத்தடி தூரம் சுமந்தார்.

இன்னும் ஒன்றையும் சொல்ல வேண்டும். இதில் குற்றவாளி நாமே. 1999-இல் வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தோம். முப்பத்து நான்கு வயது ஓட்டுநர் ஒருவர் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இந்நோய்க் கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். அதன்பின் வந்த ஆண்டுகளில் லாரிக்காரன் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வந்தது. பெண் கொடுக்கத் தயங்கினார்கள். வீடு வாடகைக்குத் தர மறுத்தார்கள். அந்த மனிதரின் அடக்கத்துக்கு உறவினர் தெருமுனையோடு நின்றுவிட்டனர். குழி வெட்டுகிறவரும் வரவில்லை. லாரி ஸ்டாண்டிலிருந்து நான்கு ஓட்டுநர்கள் வந்தார்கள். இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம், ஒருவர் நம்மவர். அவர்களே குழி வெட்டினார்கள், அவர்களே சுமந்தார்கள்.

நாம் என்ன செய்தோம்? தொடுவதால் இந்நோய் பரவாது என்று படித்திருந்தோம். மேடையில் பேசியும் இருந்தோம். ஆயினும் இறந்தவர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைய வேண்டிய நேரத்தில் நம் கை நீளவில்லை. தூர நின்று தீர்த்தம் தெளித்தோம். அவருடைய மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை இத்தனை ஆண்டுகளாக நாம் மறக்கவில்லை. அவருக்கும் கிருமி தொற்றியிருந்தது பின்னர் தெரிந்தது. 2004-இல் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை அதைத் தந்த முதல் இடங்களில் ஒன்று. அந்தத் தாய் மருந்து உண்டு, உழைத்து, மகளைப் படிக்க வைத்து, இன்றும் நலமாக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். "அன்னிக்கு நீங்களாவது வந்தீங்களே சாமி" என்றார். அந்தச் சொல் நமக்கு ஆறுதலாக இல்லை. வந்த ஒரே காரணத்தால் நல்லவரானோம் என்றால், வராதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்பர்களே, காலம் மாறியிருக்கிறது. நம் வாசலில் ஓடும் 47-ஆம் எண் நெடுஞ்சாலை இன்று 544 என்ற எண்ணோடு நான்கு வழிச் சாலையாக இருக்கிறது. கையிலே செல்போன் இருக்கிறது. தாய்மார்கள் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து செய்யப்படும் கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதன வசதி இருக்க வேண்டும் என்று அரசு விதி செய்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொது விதியாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. இங்கே அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஒருவரும் இல்லை. அந்தச் சட்டம் ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களைத் தானாகக் கட்டுப்படுத்தவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்போரிடம் வேலை செய்த எத்தனையோ பேர் அதன் நிழலுக்கு வெளியே நின்றார்கள். அங்கே சட்டம் வராத இடத்தில் முதலாளியின் மனச்சாட்சிதான் வர வேண்டும்.

இன்று பிற்பகல் உங்கள் வண்டிகளை மந்திரித்தோம். திருச்சபையின் பழைய லத்தீன் சடங்கு நூலில் வாகனம் மந்திரிக்கும் செபம் ஒன்று உண்டு. அதிலே, தேரில் அமர்ந்து மறைநூல் படித்துக்கொண்டு போன எத்தியோப்பிய மனிதர் நினைவுகூரப்படுகிறார். பிலிப்பு ஓடிச் சென்று அந்தத் தேரில் ஏறி அவரருகே அமர்ந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். கவனியுங்கள்: தேரை வாழ்த்திவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை, பயணியின் பக்கத்தில் போய் அமர்ந்தார். வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து அனுப்புவது எளிது. ஓட்டுகிறவரின் பக்கத்தில் அமர்வதே கடினம்.

ஆகவே பொன்விழா நினைவாக நாம் கேட்பது சில சிறிய காரியங்களே.

முதலாவது, ஆலயச் சுற்றுச்சுவரை ஒட்டி இரவில் லாரிகள் நிற்கின்றன. இதுவரை அவர்களை விரட்டினோம். இனி தெற்கு வாசலில் குடிதண்ணீரும், குளிக்க ஒரு தொட்டியும், கழிப்பறையும் இரவு முழுதும் திறந்திருக்கட்டும். எந்த மதத்தவர், எந்த மாநிலத்தவர் என்று கேட்க வேண்டாம். பொன்விழா வளைவுக்கென ஒதுக்கிய பணத்தில் பாதியை இதற்குத் திருப்ப நிதிக் குழுவினர் இசைந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, லாரி உரிமையாளர்களாகிய சகோதரர்களே, டீசல் கணக்கையும் நேரக் கணக்கையும் மலைக்கும் மழைக்கும் இடம் விட்டுப் போடுங்கள். நாலு லிட்டருக்கு ஒரு கால் வேண்டாம்.

மூன்றாவது, ஓட்டுநர்களே, கண் சொக்கினால் நிறுத்துங்கள். லோடு தாமதமாகலாம், நீங்கள் வராமல் போகக் கூடாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

நான்காவது, தாய்மார்களே, பிள்ளைகளே, வீட்டுக்கு வரும் மனிதரை, "என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்குமுன், "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா?" என்று கேளுங்கள்.

இந்த ஐம்பது ஆண்டில் நம் ஆலயத்தின் ஒவ்வொரு மூட்டைச் சிமெண்டும், ஒவ்வொரு கம்பியும், மணிக்கூண்டின் மணியும் யாரோ ஒரு லாரியில்தான் வந்தன. கல்வெட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. கட்டியவர் பெயர் இருக்கிறது. கொண்டு வந்து இறக்கியவர் பெயர் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. இன்றாவது அவர்களை நினைத்துக்கொள்வோம் என்பதற்காகச் சொன்னோம்.

சாலையில் உயிர் விட்ட நம் பங்கின் ஓட்டுநர், கிளீனர் அனைவருக்காகவும் ஒரு நிமிடம் எழுந்து நின்று செபிப்போம். அதன்பின் தெற்கு வாசலில் சாப்பாடு தயாராக இருக்கிறது. வெளியே நிற்கும் வெளியூர் வண்டிக்காரர்களையும் கையோடு அழைத்து வாருங்கள். அவர்கள் பந்தியில் முதலில் அமரட்டும்.